கற்றல் சிரமம் உள்ள பிள்ளைக்குப் பள்ளியில் உதவி கேட்டு வாங்குவது எப்படி

‘பிள்ளை நல்ல புத்திசாலி, கவனம்தான் பத்தலை, கொஞ்சம் முயற்சி செய்தால் போதும்.’ இதை இரண்டு வெவ்வேறு ஆசிரியர்கள் இரண்டு வெவ்வேறு வருஷங்களில் உங்களிடம் சொல்லிவிட்டார்கள் என்றால், முயற்சியைப் பற்றிய பேச்சை அதோடு நிறுத்திவிட்டு, பள்ளியில் என்ன உதவி கிடைக்கும் என்று கேட்கத் தொடங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. வாயால் கேட்டால் பாடம் முழுவதையும் சொல்கிற பிள்ளை, அதையே எழுதச் சொன்னால் மூன்று வரியில் நின்றுவிடுகிறது. நேற்று பத்து முறை பார்த்த சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் எழுத்துக்கூட்டுகிறது. எட்டுடன் ஏழைக் கூட்ட ஒவ்வொரு தடவையும் விரலில் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. இதெல்லாம் சோம்பலில் வருவதில்லை. சோம்பேறிப் பிள்ளைக்கு இவ்வளவு நேரம் உட்கார்ந்து அழத் தெம்பு இருக்காது.

வாசிப்பில் வரும் சிரமத்தை டிஸ்லெக்ஸியா என்றும், எழுதுவதில் வருவதை டிஸ்கிராஃபியா என்றும், கணக்கில் வருவதை டிஸ்கால்குலியா என்றும் சொல்கிறார்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு சேர்ந்தும் இருக்கலாம், கூடவே ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனச் சிதறலும் இருக்கலாம். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு 2013இல் வந்தபோது, பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு வாசிப்பு, எழுத்து, கணக்குச் சிரமங்களில் ஏதோ ஒன்று இருக்கும் என்று மதிப்பிட்டது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் குறைந்தது இரண்டு பேர். ஆக ‘எங்கள் பள்ளியில் அப்படி யாரும் இல்லை’ என்று ஒரு பள்ளி சொன்னால், அங்கே யாரும் தேடவில்லை என்றுதான் பொருள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், கீழே இதையேதான் வேறு வேறு விதமாகச் சொல்லப்போகிறேன்: சலுகை வேறு, கற்பித்தல் வேறு. தேர்வில் கூடுதல் நேரம் தருவது சலுகை. அந்தப் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித் தருவது கற்பித்தல். பெரும்பாலான பள்ளிகள் முதலாவதைத் தந்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கின்றன, பெற்றோரும் அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகிவிடுகிறோம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தால், அது அரை மணி நேரம் கூடுதலாக வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும்.

பள்ளிக்குப் போகும் முன்

கண்ணையும் காதையும் முறையாகச் சோதித்துவிடுங்கள். வகுப்பில் எழுத்துப் பலகையைப் பார்த்து எழுதத் திணறும் பிள்ளைக்கு வெறும் கண்ணாடி மட்டும் தேவைப்படலாம். அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்துக்கொள்ளும் பிள்ளைக்குச் சில ஒலிகள் சரியாகக் கேட்காமலே போயிருக்கலாம். எப்படியும் பள்ளி முதலில் கேட்கும் கேள்வி இதுதான், பதிலைக் கையில் வைத்துக்கொண்டே போகலாம்.

அப்புறம், குறித்து வையுங்கள். பெரிய டைரி எல்லாம் வேண்டாம். மூன்று நான்கு வாரங்களுக்கு, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது, எங்கே நின்றது, எந்தச் சொல்லை எப்படி எழுதியது என்று தேதி போட்டு ஒரு வரி. நோட்டுப் பக்கங்களைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமாகத் திருத்தாத பக்கங்களை. வீட்டில் நீங்கள் அழித்துத் திருத்தி, அழகாக்கி அனுப்பிய வீட்டுப்பாடத்தைப் பார்த்தால் ஆசிரியருக்குச் சிரமம் எதுவும் தெரியாது; அந்த வேலையை முதலில் விடுங்கள். பிள்ளை தானாகச் செய்தது இவ்வளவு, அதற்குப் பிடித்த நேரம் இவ்வளவு என்று பக்கத்தின் கீழே எழுதி அப்படியே அனுப்புங்கள்.

கூடவே ஒரு நிமிட வாசிப்பையும் ஒலிப்பதிவு செய்துவிடுங்கள். பிள்ளை முன்பு பார்க்காத, அதன் வகுப்புக்கு ஏற்ற ஒரு பத்தியைக் கொடுத்து ஒரு நிமிடம் வாசிக்க விட்டு, சரியாக வாசித்த சொற்களை எண்ணுங்கள். பின்னால் எல்லாவற்றையும் அளக்க இந்த ஒரு எண் உதவும். தமிழுக்கு இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பதும் நமக்கு ஒரு சொல்தான், ஆகவே ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் வாசிக்க வேண்டும் என்று இணையத்தில் கிடைக்கும் அட்டவணையை வைத்துத் தமிழ் வாசிப்பை அளந்து பயப்படாதீர்கள். பிள்ளையின் இன்றைய எண்ணை அதே பிள்ளையின் இரண்டு மாதம் கழித்த எண்ணுடன் ஒப்பிட்டால் போதும்.

இரண்டு மொழியில் படிக்கிற பிள்ளை என்றால் இரண்டிலும் பதிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஒழுங்கில்லாதது, அதனால் சிரமம் தவறுகளாக வெளியே தெரியும். தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலியை ஓரளவு நிச்சயமாகச் சொல்லிவிடலாம், அதனால் தவறு குறைவாக இருந்து வேகம் மட்டும் ஆமையாக இருக்கும். ‘தமிழ் நல்லாத்தானே படிக்கிறான், இங்கிலீஷ்தான் பிடிக்கலை’ என்று முடிவுகட்டுவதற்கு முன் தமிழில் எவ்வளவு நேரம் எடுக்கிறான் என்று பாருங்கள்.

ஆறு வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் b-யையும் d-யையும் மாற்றி எழுதினால் உடனே இணையத்தில் தேடி நடுங்க வேண்டாம். ஏழு வயது வரை எழுத்தைத் திருப்பிப் போடுவது பல பிள்ளைகளிடம் இருப்பதுதான். கவனிக்க வேண்டியது வேறு: ‘மரம்’ என்பது எந்த ஒலியில் தொடங்குகிறது, ‘கல்’லில் க-வை எடுத்துவிட்டுப் ப-வைப் போட்டால் என்ன வரும் என்பது போன்ற ஒலி விளையாட்டுகளில் தடுமாறுகிறதா, எழுத்துகளின் பெயர் சட்டென்று வாயில் வருகிறதா, குடும்பத்தில் வேறு யாருக்கும் படிப்பில் இப்படி இருந்ததா (இது பரம்பரையாக வருவது மிகச் சாதாரணம்).

யாரிடம், என்ன கேட்பது

வகுப்பாசிரியரிடம் தொடங்குங்கள், ஆனால் பிள்ளையைக் கூப்பிடப் போகும் வாசலில் நின்றபடி வேண்டாம். தனியாக இருபது நிமிடம் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலோ கடிதமோ, தேதி இருக்க வேண்டும். வாயால் கேட்டது மறந்துபோகும், ஆசிரியர் மாறினால் கேட்கவேயில்லை என்று ஆகிவிடும்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி எழுதலாம்:

‘என் மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். வாயால் பதில் சொல்வதில் சிரமமில்லை, ஆனால் வாசிப்பதும் எழுதுவதும் வகுப்புக்கு ஏற்றபடி வரவில்லை. கண், காது சோதனை செய்தாகிவிட்டது, அறிக்கை இணைத்துள்ளேன். வீட்டில் குறித்த விவரங்களும் நோட்டுப் பக்கங்களும் இணைப்பில் உள்ளன. அவளுடைய கற்றல் நிலையை மதிப்பீடு செய்யவும், பள்ளியில் என்ன உதவி தர முடியும் என்று பேசவும் ஒரு கூட்டத்துக்கு நேரம் ஒதுக்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

‘டிஸ்லெக்ஸியா’ என்ற பெயரை நீங்களே போட வேண்டாம். அது ‘நீங்கள் என்ன டாக்டரா’ என்ற பக்கம் பேச்சைத் திருப்பிவிடும். நடப்பதைச் சொல்லுங்கள், பெயரை மதிப்பீடு செய்பவர் சொல்லட்டும்.

கூட்டத்தில் வகுப்பாசிரியர், சிறப்புக் கல்வியாளர் (இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப் பயிற்சி பெற்றவர்) இருந்தால் அவர், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர், இந்த மூவரும் இருக்க வேண்டும். மூன்றாமவர் இல்லாத கூட்டம் நன்றாகவே நடக்கும், எல்லோரும் தலையாட்டுவார்கள், பிறகு ஒன்றும் நடக்காது. முடிந்தால் நீங்களும் தனியாகப் போகாதீர்கள். ஒருவர் பேச, ஒருவர் குறிப்பெடுக்க. அன்று சாயங்காலமே ‘இன்று பேசியதில் எனக்குப் புரிந்தது இது, தவறிருந்தால் திருத்துங்கள்’ என்று பேசியதை எழுதி அனுப்பிவிடுங்கள். இந்த ஒரு மின்னஞ்சலுக்கு உள்ள பலம் கூட்டத்தில் போடும் சத்தத்துக்கு இல்லை.

ஒரு விஷயத்தில் ஆசிரியர் பக்கமும் நின்று பார்க்க வேண்டும். அவர் முன்னால் நாற்பது பிள்ளைகள், பயிற்சியில் இதைப் பற்றி அவருக்குச் சொல்லித் தந்தது அநேகமாக ஒரு பாடம் இருக்கலாம். ‘இத்தனை நாள் ஏன் கவனிக்கவில்லை’ என்று தொடங்கினால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார். ‘வகுப்பில் அவளுக்கு எது எளிதாக வருகிறது, எது வரவில்லை, நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்’ என்று தொடங்கினால் உங்களுக்குத் தெரியாத பத்து விஷயம் வரும்.

உதவி எந்த அளவில்

பல நாடுகளில் பள்ளி உதவியை மூன்று அடுக்காகப் பிரிக்கிறார்கள். முதல் அடுக்கு வகுப்பில் எல்லோருக்கும் நடக்கும் நல்ல பாடம். இரண்டாவது, பின்தங்கும் நான்கைந்து பேரைச் சேர்த்து வாரத்தில் சில நாள் சிறு குழுவாக நடத்துவது. மூன்றாவது, தனியாகவோ இருவராகவோ வைத்து, அடிக்கடியும் ஆழமாகவும் நடத்துவது. குழு சிறியதாகச் சிறியதாக, நாள்கள் கூடக்கூட, உதவி தீவிரமாகிறது. உங்கள் பிள்ளை இப்போது எந்த அடுக்கில் இருக்கிறது, எத்தனை வாரம் அதில் வைத்துப் பார்ப்பார்கள், முன்னேறவில்லை என்றால் அடுத்த அடுக்குக்கு எப்போது மாற்றுவார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் வாங்காமல் எழுந்துவராதீர்கள்.

‘இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம், தானாக வந்துவிடும்’ என்பதுதான் இதில் மோசமான பதில். முன்பு பல இடங்களில், அறிவுத்திறன் எண்ணுக்கும் (ஐ.க்யூ.) படிப்பு நிலைக்கும் பெரிய இடைவெளி விழுந்த பிறகுதான் உதவி என்று வைத்திருந்தார்கள். அந்த இடைவெளி விழுவதற்குள் பிள்ளை மூன்றாம் நான்காம் வகுப்புக்கு வந்து, தான் முட்டாள் என்று தானே முடிவு செய்துவிடும். அமெரிக்கா 2004இல் தன் சிறப்புக் கல்விச் சட்டத்தைத் திருத்தி, அந்த இடைவெளியை மாநிலங்கள் கட்டாயமாக்கக் கூடாது என்று சொன்னது. பெயர் சூட்டும் சான்றிதழ் வரும் வரை உதவியை நிறுத்திவைக்கவும் எந்தக் காரணமும் இல்லை. சிறு குழுவில் வாசிக்கச் சொல்லித் தருவதால் எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் வந்ததில்லை.

மதிப்பீடும் அறிக்கையும்

முறையான மதிப்பீட்டை உளவியலாளர் அல்லது அதற்குப் பயிற்சி பெற்றவர் செய்வார், பல மணி நேரம் பிடிக்கும், சில சமயம் இரண்டு மூன்று நாள்களாகப் பிரிப்பார்கள். பொதுவான அறிவுத்திறன், வாசிப்பு, எழுத்து, கணக்கு, ஒலிகளைப் பிரித்து அறியும் திறன், ஒரு விஷயத்தை மனதில் பிடித்து வைத்துக்கொண்டே வேலை செய்யும் நினைவு, இவை எல்லாம் பார்க்கப்படும். டி.எஸ்.எம்.-5இன்படி, தகுந்த உதவி கொடுத்தும் குறைந்தது 6 மாதம் சிரமம் நீடித்தால்தான் இந்தப் பெயர் வைக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பத்துக் கேள்வி கேட்டுவிட்டு டிஸ்லெக்ஸியா என்று எழுதித் தருகிறவரை நம்ப வேண்டாம். பிள்ளையிடம் ‘டெஸ்ட்’ என்று சொல்லிப் பயமுறுத்தாமல், ‘உனக்கு எப்படிச் சொல்லித் தந்தால் சுலபமாக இருக்கும் என்று கண்டுபிடிக்கப் போகிறோம்’ என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள், உண்மையும் அதுதான்.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் மொத்த மதிப்பெண்ணைத் தேடுவார்கள். அதை விடுங்கள். கடைசியில் உள்ள பரிந்துரைகளைப் படியுங்கள். ‘பொறுமையாக நடத்தவும், ஊக்கப்படுத்தவும்’ என்று மட்டும் இருந்தால் எழுதியவரிடம் திரும்பப் போய், பள்ளியில் திங்கட்கிழமை காலை என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். எந்தத் திறன் பலவீனம், அதை எந்த முறையில், வாரத்தில் எத்தனை முறை சொல்லித் தர வேண்டும், தேர்வில் என்னென்ன சலுகை தேவை என்பதை அவர் எழுதித் தர வேண்டும். பிள்ளையின் பலம் என்ன என்பதும் அதில் இருக்க வேண்டும். பள்ளிக்கு நகலைக் கொடுங்கள், அசலை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

திட்டத்தை எழுத வைப்பது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஐ.இ.பி., தனிநபர் கல்வித் திட்டம், ஆதரவுத் திட்டம் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். பெயர் எதுவானாலும் அந்தத் தாளில் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது, எந்தத் தேதிக்குள் எங்கே போக வேண்டும், அதற்காக யார், எப்போது, எவ்வளவு நேரம், என்ன செய்வார், எப்படி அளப்பார் என்பது இருந்தாக வேண்டும்.

‘வாசிப்பில் முன்னேற்றம் காணச் செய்தல்’ என்று எழுதித் தருவார்கள். அது ஆசை, இலக்கு ஆகாது. இதை வைத்துக்கொண்டு வருஷக் கடைசியில் நீங்களும் ஒன்றும் கேட்க முடியாது, அவர்களும் ஒன்றும் காட்ட வேண்டியதில்லை. அதற்குப் பதில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘இரண்டாம் வகுப்பு நிலையில் உள்ள, முன்பு பார்க்காத பத்தியில் இப்போது நிமிடத்துக்கு 20 சொற்கள் சரியாக வாசிக்கிறாள். டிசம்பர் முடிவதற்குள் அதே நிலைப் பத்தியில் 32 சொற்கள், 3 தவறுக்கு மேல் போகாமல். சிறப்புக் கல்வியாளர் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி 30 நிமிடம், மூவர் குழுவில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு நிமிட வாசிப்பு எடுத்து எண்ணைப் பெற்றோருக்கு அனுப்புவார்.’ இந்த எண்கள் உதாரணம்தான், உங்கள் பிள்ளையின் எண்ணைப் போடுங்கள். இப்படி ஒரு இலக்கை எழுத முதலில் தயங்குவார்கள். எழுதிவிட்டால் எல்லோருக்கும் வேலை சுலபமாகிவிடும், ஆசிரியருக்கும்தான்.

மூன்று நான்கு இலக்குக்கு மேல் வேண்டாம். பதினைந்து இலக்கு உள்ள திட்டத்தை யாரும் படிப்பதில்லை.

அந்த 30 நிமிடம் எந்தப் பாடவேளையிலிருந்து எடுக்கப்படுகிறது என்று கட்டாயம் கேளுங்கள். வழக்கமாக விளையாட்டு, ஓவியம், இசை நேரத்தைத்தான் வெட்டுவார்கள். படிப்பில் நாள் முழுக்கத் தோற்கிற பிள்ளை ஜெயிக்கிற ஒரே இடம் அந்த மைதானமாக இருந்தால் அதைப் பிடுங்கி வாசிப்பு நடத்துவதில் என்ன வரும்? இன்னொரு பாடத்தின் ஒரு பகுதியைக் குறைக்க வழியிருக்கிறதா என்று பேசுங்கள்.

கற்பித்தல் எப்படி இருக்க வேண்டும்

‘ரிசோர்ஸ் ரூமுக்கு (தனியாகச் சொல்லித் தரும் அறைக்கு) அனுப்புகிறோம்’ என்று சொன்னால் அங்கே என்ன நடக்கிறது என்று ஒருநாள் பார்க்க அனுமதி கேளுங்கள். வகுப்பில் முடிக்காத வீட்டுப்பாடத்தை அங்கே உட்கார்ந்து முடிப்பதுதான் நடக்கிறது என்றால், அது டியூஷன். தேவைப்படுவது, விட்டுப்போன அடிப்படையை முதலிலிருந்து வரிசையாகக் கட்டுவது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தேசிய வாசிப்புக் குழு வெளியிட்ட அறிக்கை, நல்ல வாசிப்புப் பயிற்சிக்கு ஐந்து கூறுகளைக் குறிப்பிட்டது: சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்து அறிவது, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு, சரளம், சொல்வளம், பொருள் உணர்தல். உங்கள் பிள்ளைக்கு இந்த ஐந்தில் எது உடைந்திருக்கிறது, அதற்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், பதில் சொல்பவருக்கு விஷயம் தெரியுமா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தமிழில் 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பிக்க வைப்பது இந்தப் பிள்ளைகளிடம் எடுபடாது. க, கா, கி, கீ என்று பாட்டாகப் பாடிவிடும், நடுவில் ஒன்றைச் சுட்டிக் கேட்டால் முதலிலிருந்து பாடிக்கொண்டே வரும். உயிர்க்குறிகளைத் தனித்தனியாக, ஒரு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ என்று எடுத்து, எல்லா மெய்யோடும் சேர்த்துப் பழக்க வேண்டும். துணைக்கால் மட்டும் தனியாக வந்தால் ஆ என்பது கண்ணுக்குப் பழகிவிட்டால் கா, மா, பா எல்லாம் ஒரே பாடத்தில் வந்துவிடும். இகரம் எளிது. கு, சு, டு, து, மு, று என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் உகரத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரே மாதிரி சுழிப்பவற்றைக் கூட்டமாகச் சேர்த்துச் சொல்லித் தரலாம். கெ, கே, கை-யில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ-வில் இரண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாகத்தான் வாசிக்க வேண்டும் என்று இப்போதுதான் பழகிய பிள்ளை இங்கே குழம்புவது இயல்பு, இதற்கென்று தனியாக நாள்கள் ஒதுக்க வேண்டும். ண, ந, ன போராட்டத்தையும் ல, ள, ழ போராட்டத்தையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். சரளமாக வாசிக்க ஆரம்பித்த பிறகு அது பாதி தானாகச் சரியாகும், மீதிக்கு அப்போது உழைக்கலாம்.

பார்த்து, வாயால் சொல்லி, விரலால் மணலிலோ மேசையிலோ எழுதி, மறுபடி நோட்டில் எழுதி என்று ஒரே எழுத்தைப் பல வழியில் பழக்குவது நல்ல சிறப்புக் கல்வியாளர்கள் செய்வதுதான். தினமும் கொஞ்சம், நேற்றையதைத் தொட்டுவிட்டு இன்றையது. வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரத்தைவிடத் தினமும் இருபது நிமிடம் எவ்வளவோ மேல்.

கணக்கில் வழி வேறு: முதலில் கையால் தொடும் பொருள், அப்புறம் படம், கடைசியில்தான் எண்ணும் குறியும். பத்துக் குச்சியைக் கட்டிக் கட்டாக்கி, கட்டைப் பிரித்துக் கடன் வாங்கிப் பார்த்த பிள்ளைக்கு ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்ற மந்திரம் தேவைப்படாது. வாய்ப்பாடு மனப்பாடம் ஆகவில்லை என்பதற்காக அடுத்த பாடத்துக்குப் போகவிடாமல் நிறுத்திவைப்பது அநியாயம், வாய்ப்பாட்டுத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னம் படிக்கட்டும்.

சலுகைகள்

இவையும் வேண்டும், இவை இல்லாமல் பிள்ளை தனக்குத் தெரிந்ததைக் காட்ட முடியாது. கூடுதல் நேரம், கேள்வியை வாசித்துச் சொல்ல ஒருவர், பதிலைச் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஸ்கிரைப், எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் வெட்டாமல் இருப்பது, தனி அறை, கால்குலேட்டர், டைப் செய்ய அனுமதி, கூடுதல் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று பட்டியல் நீளம். எல்லாவற்றையும் கேட்காதீர்கள். மெதுவாக எழுதும் பிள்ளைக்கு நேரம், வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு வாசித்துச் சொல்பவர், என்று சிரமத்துக்கு ஏற்றதைக் கேளுங்கள்.

ஸ்கிரைப் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். தேர்வன்று முதல்முறை பார்க்கும் ஒருவரிடம் முழு வாக்கியமாக, நிறுத்தற்குறியோடு பதில் சொல்வது தனித் திறமை. வகுப்புத் தேர்வுகளிலேயே பல மாதம் பழக வேண்டும். பொதுத் தேர்வுக்கு என்ன சலுகை வேண்டுமோ அதைப் பள்ளித் தேர்விலும் முன்பிருந்தே தந்ததாகப் பதிவு இருந்தால் வாரியத்தில் விண்ணப்பிக்கும்போதும் வலு கூடும். வாரியத்துக்கான விண்ணப்பத்தைத் தேர்வுக்கு வெகு முன்பே கொடுக்க வேண்டியிருக்கும், சான்றிதழ் யாரிடம் வாங்கியிருக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. கடைசி இரண்டு வருஷம் தொடங்கும்போதே பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வகுப்பில் தினசரி தேவைப்படும் சின்னச் சலுகைகள் இன்னும் முக்கியம், இவற்றுக்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். எழுத்துப் பலகையிலிருந்து முழுவதையும் எழுதச் சொல்லாமல் அச்சடித்த குறிப்பைக் கொடுப்பது, திடீரென்று எழுப்பி வகுப்பு முன் சத்தமாக வாசிக்கச் சொல்லாமல் இருப்பது, பத்துக் கணக்குக்குப் பதில் நான்கு. வாசிக்கச் சொல்லாமல் இருப்பதை மட்டுமாவது முதல் கூட்டத்திலேயே வாங்கிவிடுங்கள்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை

நிறக் கண்ணாடி, கண் பயிற்சி. டிஸ்லெக்ஸியா கண்ணில் உள்ள கோளாறு இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் கண் மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட அறிக்கையில் இவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ‘உங்கள் பிள்ளை பார்த்துக் கற்கும் ரகம், இவள் கேட்டுக் கற்கும் ரகம்’ என்று பிரித்து நடத்துவதற்கும் 2008இல் வந்த ஆய்வுத் தொகுப்பில் தகுந்த சான்று கிடைக்கவில்லை. மூளையைத் தூண்டும் பயிற்சி என்று யாராவது வந்தால், பிள்ளை எத்தனை வாரத்தில் எவ்வளவு வாசிக்கும் என்று கேளுங்கள்.

அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைக்கலாம் என்பார்கள். சொல்லித் தரும் முறை மாறாமல் அதே பாடத்தை இரண்டாம் முறை கேட்பதால் என்ன மாறப்போகிறது? நண்பர்கள்தான் போய்விடுவார்கள். தவறாக எழுதிய சொல்லைப் பத்துமுறை எழுதச் சொல்வதும் இதே கதைதான், ஏழாவது தடவையில் வேறொரு பிழையோடு எழுதி அதையும் மூன்று முறை பழகிவிடும்.

பள்ளி மறுத்தால்

முதலில், மறுப்பதையும் எழுத்தில் கேளுங்கள். பாதி மறுப்புகள் அப்போதே கரைந்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2006இல் ஏற்கப்பட்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, எல்லோரையும் உள்ளடக்கிய கல்வியை உரிமையாகச் சொல்கிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று, அதன் 16ஆம் பிரிவு இதைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து கற்பித்தலில் தகுந்த நடவடிக்கை எடுப்பதைக் கல்வி நிறுவனங்களின் கடமையாகவே எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் 1975இலிருந்தே தனிநபர் கல்வித் திட்டம் சட்டத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் பொதுப் பள்ளிகளில் இதற்கென்று ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும், உதவி தொடங்க நோயறிதல் சான்று தேவையில்லை. கடிதத்தில் சட்டப் பிரிவை ஒரு வரியில் குறிப்பிடுவது போதும், மிரட்டும் தொனி வேண்டாம், அடுத்த பல வருஷம் இதே ஆட்களோடுதான் பேச வேண்டியிருக்கும்.

பள்ளியில் சிறப்புக் கல்வியாளரே இல்லை என்றால், ஏற்கெனவே இருக்கும் ஓர் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்து வாரத்தில் நான்கு பாடவேளை ஒதுக்கச் சொல்லலாம், அல்லது வெளியிலிருந்து வரும் ஒருவரைப் பள்ளி நேரத்தில் அனுமதிக்கக் கேட்கலாம். இதே நிலையில் இன்னும் மூன்று நான்கு பெற்றோர் அந்தப் பள்ளியிலேயே இருப்பார்கள், தேடிப் பிடியுங்கள். ஒருவர் கேட்டால் சிறப்புக் கோரிக்கை, ஐந்து பேர் கேட்டால் அது பள்ளியின் தேவை.

வருஷம் மாறும்போது

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எண்களைப் பார்த்து, ஏறவில்லை என்றால் முறையையோ நேரத்தையோ மாற்றச் சொல்லுங்கள். ‘முயற்சி செய்கிறாள்’ என்ற பதிலை ஏற்காதீர்கள், அவள் முயற்சி செய்வது முதல்நாளிலிருந்தே தெரியும்.

எல்லாத் திட்டமும் உடைகிற இடம் புது வகுப்பு. ஜூனில் புது ஆசிரியர், கோப்பு அலமாரியில், பிள்ளை மறுபடி எழுந்து நின்று சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கும். ஆகவே ஒரே பக்கத்தில் ஒரு தாள் தயார் செய்து, வகுப்பு தொடங்கும் முன்பே எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் கொடுங்கள்: எதில் கெட்டிக்காரி, எது கடினம், வகுப்பில் செய்ய வேண்டியவை மூன்று, செய்யக் கூடாதவை இரண்டு, கடைசியாக எடுத்த எண்கள். மாற்று ஆசிரியர் வரும் நாளுக்காக ஒரு நகல் வகுப்பு மேசையிலும் இருக்கட்டும்.

பத்து வயதுக்குப் பிறகு கூட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடமாவது பிள்ளையையும் உட்கார வையுங்கள். எது உதவுகிறது, எது வெட்கமாக இருக்கிறது என்று அதற்குத்தான் தெரியும். தனி அறையில் தேர்வெழுதுவது பிடிக்கும், ஆனால் எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்துப்போவது பிடிக்காது என்று சொல்லும், அதைச் சரிசெய்ய ஆசிரியருக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. மேல்வகுப்பிலும் கல்லூரியிலும் தனக்கு வேண்டியதைத் தானே கேட்க வேண்டிவரும், அந்தப் பேச்சை இங்கேயே பழகட்டும்.